போட்ட இடத்துப் பிடிமண்

வண்டியை நிறுத்துவதற்கு முன்பே வாடை வந்து சங்கரசுப்புவை வரவேற்றது.

காலை ஆறரை மணி. ஆனிக் காற்று குருவிகுளம் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்தது. சாலையோரத்தில் அவருடைய இரண்டு ஏக்கர் செவல் நிலம். நேற்று மாலை வரை வெறுந்தரையாக இருந்த இடத்தில், கிணற்றுக்கும் சாலைக்கும் நடுவே, இன்று ஒரு கல்யாணமே கிடந்தது. உண்டு முடித்த வாழை இலைகள், காகிதக் கோப்பைகள், பாதி கடித்த லட்டு, மணமக்கள் பெயர் அச்சடித்த தாம்பூலப் பைகள். எல்லாவற்றுக்கும் மேலே, அட்சதை தூவியதுபோல, யாரோ ஒரு கறிக்கடைக்காரர் தன் பங்குக்குக் கோழி இறகுகளைத் தூவிவிட்டுப் போயிருந்தார்.

சங்கரசுப்பு ஒரு பையைக் காலால் புரட்டினார். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், மண்டபத்தின் பெயர் எல்லாம் தெளிவாக இருந்தன. கொட்டியவன் பெயர் ஒன்றுதான் இல்லை.

ஓய்வுபெற்று மூன்று வருடமாக அவர் பாடுபட்டது இந்த நிலத்துக்காகத்தான். புளியங்குடியிலிருந்து வாங்கிவந்து நட்ட நாற்பது எலுமிச்சைக் கன்றுகள், ஒரு கிணறு, கிணற்றடியில் ஓர் அறை. ஊர்ச் சந்தடியை விட்டு அந்த அறையில் மனைவி யோகலட்சுமியோடு வந்து குடியிருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அவள் ஒரே ஒரு தடவை வந்து கிணற்றை எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் இறகு மிதந்தது. இதைக் குடிக்கவா கூப்பிடுகிறீர்கள், குப்பை என்றைக்கு நிற்கிறதோ அன்றைக்கு நானே கிளம்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனவள்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கதை நியாயமாக இராது.

சங்கரசுப்பு நிலத்துக்கு வரும் வழியில் ஒரு வளைவு உண்டு. வளைவில் ஒரு வேப்பமரம். மரத்தைச் சுற்றியுள்ள தரிசு, ஆடு மேய்க்கும் பேச்சிராஜுக்குப் பட்டா நிலம். அவர் ஆபீசுக்குப் போய்வந்ததும் இதே வழியில்தான். அந்த நாளிலிருந்தே தினமும் காலையில் அந்த இடத்தில் சங்கரசுப்புவின் வண்டி கொஞ்சம் மெதுவாகும். கைப்பிடியில் தொங்கும் ஜவுளிக்கடைப் பை ஒன்று தரிசுக்குள் போய் விழும். வண்டி மறுபடி வேகமெடுக்கும். இதைக் குப்பை கொட்டுவது என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. வீட்டில் மிச்சமானதை வழியில் விட்டுப் போவது, அவ்வளவுதான். குப்பை வண்டி தெருவுக்கு எட்டு மணிக்குத்தான் வரும். அந்த நேரத்தில் அவர் நிலத்தில் நின்று சுற்றுச்சூழலைப் பாதுகாத்துக்கொண்டிருப்பார்.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம், முதல் மனைவி கோமதித்தாயின் சாவுப் பாயையும் அங்கேதான் போட்டார். இறந்தவர் கிடந்த பாய், தலையணை, உடுத்தியிருந்த சேலை எல்லாவற்றையும் சுருட்டி ஊருக்கு வெளியே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது வழக்கம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாய்ச் சுருளுக்குள் ஒரு பிளாஸ்டிக் பையும் இருந்தது. அதைப் பற்றி நினைப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்து, அந்த முடிவை இன்றுவரை கடைப்பிடித்தும் வந்தார்.

கோமதித்தாய்க்குப் பக்கவாதம். உடம்பெல்லாம் தைல வாடை. வாய் பேசாது. வலது கைக்கு மட்டும் உயிர் இருந்தது. எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டித்தான் கூப்பிடுவாள். இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு.

சரி, குப்பைக்கு வருவோம்.

முதலில் ‘இங்கு குப்பை கொட்டாதீர்’ என்று பலகை வைத்தார். எங்கே கொட்டுவது என்று அதுவரை தெரியாமல் அலைந்தவர்களுக்கும் வழி தெரிந்தது. அப்புறம் பலகையையே காணோம். முள்வேலி போட்டார், யாரோ அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். கேமரா போல இருக்கும் டப்பா ஒன்றை மரத்தில் மாட்டினார். மறுநாள் அது குப்பையோடு குப்பையாகக் கிடந்தது.

பிறகு மனு. மனு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பது வருடம் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து மனுக்களுக்குப் பதில் எழுதியவர். வரைபடம், புகைப்படம், பட்டா நகல் எல்லாம் இணைத்து அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது.’ அந்த வாக்கியத்தின் அழகு அவருக்குத் தெரியும். அவரே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறார். இப்போதுதான் முதன்முறையாக அதன் மறுபக்கத்தில் நின்று படித்தார்.

கடைசியில் மண்டபத்துக்கே போனார். மண்டபத்து இசக்கிராஜா சாதாரண ஆள் இல்லை. தூய்மைச் சங்கத் தலைவர். போன மாதம்தான் புதுத் துடைப்பங்களோடு ஓர் ஊர்வலம் நடத்தினார். சாலை ஏற்கெனவே சுத்தமாக இருந்ததால், கூட்டுவதற்கு முதலில் கொஞ்சம் சருகு கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. ஊர்வலத்தில் கொடுத்த பிரியாணிப் பொட்டலங்கள் அன்று மாலையே சங்கரசுப்புவின் நிலத்துக்கு வந்து சேர்ந்தன.

“நம்ம மண்டபத்துக் குப்பைன்னு எப்படிச் சொல்லுதிய அண்ணாச்சி?”

“பையில மண்டபத்துப் பேரு இருக்கே.”

“பேரு இருந்தா ஆச்சா? சாமி பேரு போட்ட பையும்தான் கிடக்கும். சாமியா வந்து கொட்டிச்சு?”

இசக்கிராஜா சிரித்தார். சங்கரசுப்புவுக்கு எரிச்சலில் காது சுட்டது. ஆனால் வண்டியைக் கிளப்பும்போது அந்தச் சொல் மனசில் ஒட்டிக்கொண்டது. சாமி. ஊரில் எத்தனை சுவர்களைச் சாமி படம் ஒன்றுதான் காப்பாற்றி வைத்திருக்கிறது. போலீசுக்குப் பயப்படாதவன் மாடனுக்குப் பயப்படுவான்.

கொத்தனாரை வைத்து நிலத்து முகப்பில் இடுப்புயரத்துக்கு ஒரு பீடம் எழுப்பினார். சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை போட்டார். எல்லைகாத்த மாடன் என்று பெயரும் அவரே வைத்தார். சாமியாடி செல்லச்சாமியைக் கூப்பிட்டபோதுதான் சிக்கல் வந்தது. வெறும் பீடம் வெறும் கல்லுதான், பிடிமண் வேண்டும் என்றார் அவர். பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து, சிவப்புத் துணியில் முடிந்து, கொட்டு முழக்கோடு கொண்டுவந்து பீடத்துக்குள் வைக்க வேண்டும். எந்த இடத்து மண்ணோ அந்த இடத்தில் இருப்பது இங்கே வரும்.

நிஜமாகவா சாமி வைக்கிறோம் என்று சங்கரசுப்பு மனதுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் நாலு பேர் நம்ப வேண்டுமே. கடற்கரைப் பக்கம் ஒரு மாடன் கோயிலுக்குப் போய்ப் பிடிமண் எடுத்துவரப் போவதாக டீக்கடையில் அறிவித்துவிட்டு, வெள்ளிக்கிழமை விடியக் கிளம்பினார். மூன்று பஸ் மாற வேண்டும். வெயில் வேறு. வண்டி வழக்கம்போல வேப்பமரத்து வளைவில் மெதுவானது. கைப்பிடிப் பை வழக்கம்போலத் தரிசுக்குள் விழுந்தது. அவருக்கு ஒரு யோசனை வந்தது. இறங்கிப் போய் மரத்தடியில் குனிந்து ஒரு கை மண் அள்ளினார். மண் எல்லாம் மண்தானே.

ஆடுகளுக்கு நடுவிலிருந்து பேச்சிராஜ் கேட்டான்:

“என்ன அண்ணாச்சி, போடுத எடத்துல இன்னைக்கு எடுக்கிய?”

அவர் காதில் விழாதவர்போல வண்டியைக் கிளப்பினார். மறுநாள் உச்சிப் பொழுதுக்குக் கொட்டு, பொங்கல், மாலை, மரியாதை என்று ஏற்பாடு. இசக்கிராஜாகூட வந்து முன்வரிசையில் நின்றார். செல்லச்சாமி முடிச்சைக் கையில் வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

“எங்கன எடுத்த மண்ணு இது?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

“கோயில்லதான்.”

“கோயில் மண்ணுல தைல வாடை அடிக்குமா வே?”

சங்கரசுப்பு பீடத்தின் திறந்த வாயைக் கையால் காட்டினார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. செல்லச்சாமி தயங்கித் தயங்கி முடிச்சைப் பீடத்துக்குள் இறக்கினார். கொத்தனார் வாயைப் பூசினார். கொட்டு நின்றது. ஆனி மாதத்து உச்சி வெயிலில், அத்தனை நேரம் வீசிக்கொண்டிருந்த காற்றும் நின்றது. எலுமிச்சங்கன்றுகளில் ஓர் இலை அசையவில்லை.

டக். டக்.

கொத்தனாரின் கரண்டியாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் முதல் குப்பை நின்றது. அடியோடு நின்றது. பழைய குவியலும் கரைந்தது. யாரும் அள்ளவில்லை, எரிக்கவில்லை, கால்தடம் இல்லை. பாயை இழுத்துக்கொண்டு போனால் புழுதியில் விழுமே, அப்படி அகலமான ஒரு தடம் மட்டும் சாலை வரை போயிருந்தது. சங்கரசுப்பு அதைக் காற்று என்று முடித்துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஒரு வளைகாப்பு. முதல் பந்திக்கு இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, விருந்தாளிகளைக் கூப்பிடப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஒவ்வொரு புது இலையின் மேலும் ஓர் உண்ட இலை. காய்ந்தது இல்லை. இப்போதுதான் கை கழுவப் போனதுபோல ஈரச் சோறு ஒட்டிய இலை. எல்லா இலையிலும் நாலைந்து கோழி இறகு. இது எதிர்க்கோஷ்டிச் சதி என்று இசக்கிராஜா அறிக்கை விட்டார். ஆனால் அன்றைக்கே ஒரு வண்டிப் பழத்தட்டோடு பீடத்துக்கு வந்து தரையில் விழுந்து எழுந்தார்.

சங்கரசுப்பு ஒரு வாரம் மிதந்துகொண்டிருந்தார். போட்டவன் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிற சாமி! எந்த அலுவலகத்தில் இப்படி ஒரு நடவடிக்கை உண்டு?

எட்டாம் நாள் காலையில் அவர் வீட்டு வாசலில், கோலத்தின் நடுவில், ஒரு ஜவுளிக்கடைப் பை இருந்தது.

முடிச்சைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கோப்புக்கு நாடா கட்டுவதுபோல இரட்டை முடிச்சு. அப்படிக் கட்டுகிறவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். உள்ளே நேற்று விட்டுவந்த மீன் முள். அவசரமாக எடுத்துக்கொண்டுபோய் வேறு ஒரு வளைவில் விட்டார். மறுநாள் வாசலில் அதுவும் இருந்தது, அதற்கு முந்தியதும் இருந்தது. மூன்றாம் நாள் ஏழெட்டு. ஒரு வாரத்தில் படி தெரியவில்லை. ஒவ்வொன்றும் போட்ட அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. போன தீபாவளியின் அதிரசம் சூடாக எண்ணெய் கசிந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய தயிர் இன்னும் புளிக்கவில்லை.

யோகலட்சுமி ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்த்தாள். ஒருநாள் நிமிர்ந்து, தணிந்த குரலில் கேட்டாள்:

“இந்த ஊதா வளையல் துண்டு என்னது இல்லையே. நான் வாரதுக்கு முந்தி உள்ள குப்பையா இது?”

அப்போதுதான் சங்கரசுப்புவுக்குப் புரிந்தது. பைகள் பின்னோக்கி வந்துகொண்டிருந்தன. பின்னோக்கி வந்தால் கடைசியில் எது வரும் என்று அவருக்குத் தெரியும்.

செல்லச்சாமியிடம் ஓடினார். உண்மையைச் சொன்னார், முழுதாக அல்ல, மண்ணைப் பற்றி மட்டும். செல்லச்சாமி அவரைத் திட்டக்கூட இல்லை. “எடுத்த மண்ணை எடுத்த எடத்துலயே சேத்திரும். எடத்துக்காரன் சம்மதம் வேணும்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றே உச்சிப் பொழுதில் கடப்பாரையோடு பீடத்தின் பக்கவாட்டை உடைத்தார். கையை உள்ளே விட்டார். பிடி மண் வைத்த முடிச்சு ஒரு தலையணை அளவுக்கு இருந்தது. வெளியே இழுத்தார். ஈரமாக, வெதுவெதுப்பாக, கனமாக வந்தது. தைல வாடை. அதற்கடியில், நாள்பட்டுப் படுத்திருந்த உடம்பின் வாடை. வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வளைவுக்குப் போனார்.

வேப்பமரத்தடியில் ஒரு பலகை நின்றது. ‘இங்கு குப்பை கொட்டாதீர்.’ அவரிடமிருந்து காணாமல்போன அதே பலகை. பக்கத்தில் பேச்சிராஜ்.

“இது குப்பை இல்லப்பா. மண்ணு. இங்கன எடுத்ததுதான்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க அண்ணாச்சி.”

சங்கரசுப்பு கெஞ்சினார். நிலத்தைச் சுத்தம் செய்து தருகிறேன், வேலி போட்டுத் தருகிறேன் என்றார். பேச்சிராஜ் கோபப்படவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்றின் காதிலிருந்து உண்ணி எடுத்துக்கொண்டே பேசினான்.

“பிளாஸ்டிக்கைத் தின்னு எனக்குப் பதினோரு ஆடு செத்துச்சு. வயித்தை அறுத்துப் பாத்தா பூராம் உங்க ஜவுளிக்கடைப் பைதான். அப்போ உங்க ஆபீசுல மனு குடுத்தேன். நீங்கதான் கையெழுத்துப் போட்டுத் தந்திய. பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டதுன்னு. எனக்குப் படிக்கத் தெரியாது. எம்மவ படிச்சுச் சொன்னா.”

அவருக்கு அந்த மனு நினைவில் இல்லை. மனுக்கள் நினைவில் இருப்பதில்லை.

“கொண்டு போயிருங்க” என்றான் பேச்சிராஜ்.

ஒரு மூட்டை மண்ணை வைத்துக்கொண்டு சங்கரசுப்பு அந்த வட்டாரம் முழுக்கச் சுற்றினார். குளக்கரையில் நிறுத்தினார், மீன்குத்தகைக்காரன் தடியோடு வந்தான். பாலத்தடியில் நிறுத்தினார், அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று முறைத்தார்கள். வழியெல்லாம் குப்பை கிடந்த நாட்டில் ஒரு கை மண் போட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. முழங்கால்களுக்கு நடுவே மூட்டை மெல்ல ஏறி இறங்கியது. ரோடு சரியில்லை என்று சொல்லிக்கொண்டார்.

வண்டியை நிறுத்தியிருந்தபோதும் ஏறி இறங்கியது.

வேறு போக்கில்லாமல் நிலத்துக்கே திரும்பினார். கிணற்றடி அறையின் கதவு திறந்திருந்தது. வாசலில் யோகலட்சுமியின் செருப்பு.

குப்பை நின்றுவிட்டதே. சொன்ன வாக்குப்படி அவளாகவே கிளம்பி வந்திருக்கிறாள். தூக்குவாளியில் சோறு இருந்தது. எலுமிச்சை நிழல் பார்க்க வந்தவள் அறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு கோரைப் பாய் விரிந்திருந்தது. தலைமாட்டில் தலையணை. மடித்த சேலை. ஒரு பிளாஸ்டிக் பை, இரட்டை முடிச்சு அவிழ்ந்து.

அவள் மடியில் மாத்திரை அட்டைகள். கட்டுக்கட்டாக. வெயில் பட்டு வெள்ளி வெள்ளியாக மின்னின.

“கோமதியக்கா பேரு சீட்டுல இருக்கு” என்றாள். “மூணு வேளையும் நேரந்தவறாமக் குடுத்தேன்னு என் வீட்டுல வந்து சொல்லித்தானே பொண்ணு கேட்டிய. ஒன்னுகூடப் பிரிக்கலையே.”

அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு மாத்திரை விழுங்கக் கோமதித்தாய்க்கு அரைமணி நேரம் ஆகும். வெந்நீர் வைக்க வேண்டும், பொடிக்க வேண்டும், தாடையைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். ஆபீசுக்கு நேரமாகும். ஒரு வேளை விட்டார். அப்புறம் ஒரு நாள். அப்புறம் கரண்டிச் சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைக்கப் பழகிக்கொண்டார். கடைசி நாட்களில் அவள் கோயில் புற்றுமண்ணை நாக்கில் வைத்துக்கொண்டு, மாத்திரை இருந்த அலமாரியையே பார்த்துக் கிடந்தாள். இதை எந்த வாசகத்தில் எழுதினால் முடித்துவைக்கலாம் என்று அவர் யோசித்தார். 

யோகலட்சுமி அட்டைகளைப் பாயின் மேல் வைத்தாள். தூக்குவாளியை விட்டுவிட்டு எழுந்தாள். செருப்பை மாட்டினாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அறையில் சங்கரசுப்பு மட்டும்.

பாயின் நடுப்பகுதி அமுங்கியது.

தலையணையில் மெல்ல ஒரு பள்ளம் விழுந்தது.

டக். டக்.

அப்புறம் இடைவெளி. அந்த இடைவெளி ஏழு வருடத்து நீளம் இருந்தது.

டக். டக்.

முடிச்சை அவர் பீடத்துக்குள்ளேயே திருப்பி வைத்துப் பூசிவிட்டார். அவர் இப்போது அந்த அறையில்தான் குடியிருக்கிறார், ஆசைப்பட்டபடியே. யோகலட்சுமி புளியங்குடியில் தம்பி வீட்டில் இருக்கிறாள். கிணற்றுத் தண்ணீர் தெளிந்துவிட்டது. கன்றுகள் காய்க்கத் தொடங்கிவிட்டன. சாலையின் இரு பக்கமும் இரண்டு மைலுக்கு ஒரு காகிதம் கிடையாது.

தை மாதத்தில் தூய்மைச் சங்கம் அந்த நிலத்தை மாதிரி நிலமாகத் தேர்ந்தெடுத்தது. பீடத்துக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். இசக்கிராஜா மேடையேறி, தூய்மை என்பது வெளியில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினார். சங்கரசுப்பு மெலிந்துபோய், பொன்னாடைக்குள் ஒரு குச்சிபோல உட்கார்ந்திருந்தார். கூட்டத்தின் கடைசியில், ஆடுகளோடு, பேச்சிராஜ் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

கேடயத்தைக் கொடுக்கும்போது மணி ஒன்றாகியிருந்தது. காற்று நின்றது. ஒலிபெருக்கி தானாக அடங்கியது.

பூட்டியிருந்த அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. எவர்சில்வரில் கரண்டி. இரண்டு தட்டு. இடைவெளி. இரண்டு தட்டு. பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

இசக்கிராஜா மைக்கைக் கையால் மூடிக்கொண்டு குனிந்தார்.

“உள்ள யாரு அண்ணாச்சி இருக்கா?”

சங்கரசுப்பு கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார்.

“மத்தியான மாத்திரை” என்றார். “கொஞ்சம் நேரமாகும். நீங்க பேசிக்கிட்டு இருங்க.”

அவர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. அடுப்பில் வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. தட்டுவது நின்றது.

அரைமணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது பந்தலில் ஒருவரும் இல்லை. பேச்சிராஜ் மட்டும், அறைச் சன்னலைப் பார்த்தபடி, சாமி முன்னால் நிற்பதுபோலத் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். சங்கரசுப்புவின் கையில் அட்டை இருந்தது. அதில் மதியத்துக்கான குமிழ் மட்டும் பிரிந்து, உள்ளே மாத்திரை இல்லாமல், விரல் வைத்து அமுக்கிய இடத்தில் இன்னும் ஈரமாக இருந்தது.